ஒரே குழாயில் இரண்டு மோட்டார்

தொட்டிக் குழாயைத் திறந்ததும் காற்றுதான் சீறியது. அத்தாவின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் முற்றத்தில் காத்திருந்தார்கள். ரஃபியா குடத்தை அங்கேயே போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள்.

மோட்டார் அறைக்குள் கூழாங்கல்லை அரைப்பது போன்ற சத்தம். மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி விடப்பட்டிருந்த இரண்டு மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பியிருந்தன. ஒன்று அவளைப் பெற்ற அத்தாவுடையது, மற்றது அவர் தம்பி, சின்னத்தா கமாலுடையது. கிணற்றுக்குள் இறங்குவதோ ஒரே குழாய். ஒரு மோட்டாருக்கு அது போதும். இரண்டும் சேர்ந்து உறிஞ்சினால் ஈடுகொடுக்காது. தண்ணீர் குமிழியாக உடைந்து உள்ளே சுற்றும் இரும்பையே அரித்துத் தின்னும். கடைசியில் அத்தாவின் மோட்டார் காற்றுப் பிடித்து வெறுமனே சுற்றும். மறுநாள் மின்சாரம் வருமுன் அத்தா கிணற்றுக்குள் இறங்கி, வாளியில் மொண்டு வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றி வைப்பார். இன்று விடியலில் அப்படி இறங்கியவரைப் படியில் உயிரற்ற உடலாகத்தான் கண்டெடுத்தார்கள்.

கமால் சுவிட்சுப் பெட்டியருகே நின்றிருந்தார்.

"ஒங்க திராட்சத் தோட்டத்துக்குத் தாகம் தீந்துச்சா, சின்னத்தா?"

"மோட்டார அமத்தத்தாம்மா ஓடியாந்தேன். காலைல இருந்த பதட்டத்துல மறந்துட்டேன்."

"மூணு வருசமா மறந்துட்டீகளாக்கும். தனிக் குழா எறக்க அத்தா ஒங்ககிட்ட எத்தன தடவ கெஞ்சியிருப்பாக?"

"கெஞ்சலம்மா. எம் போர்க் கெணறு வத்துனப்ப நான் தனிக் குழா வாங்கத்தான் கெளம்புனேன். 'எதுக்குடா செலவு, எங் குழாயிலயே மாட்டு, நீ பாய்ச்சுன பெறகு நான் பாய்ச்சிக்கிறேன்'னு அண்ணன்தான் சொன்னாக. அப்பறம் கரண்டு மூணு மணி நேரமா கொறஞ்சு போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டுனோம்."

"படி எறங்க முடியலன்னு சொன்னாகளா?"

"ஒருநாளும் சொல்லல."

"நீங்க கேட்டீகளா?"

ஒரு வார்த்தை வாய் திறக்காத அத்தாவின் மீதும் ரஃபியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அதையும் சேர்த்துச் சின்னத்தாமேலேயே வீசினாள்.

"மய்யித்த நீங்க தொடக் கூடாது."

அவர் தலை கவிழ்ந்தது. இரண்டு மோட்டார்களையும் நிறுத்தினார். தன் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணனின் மோட்டாருக்கு ஊற்றத் தண்ணீர் மொள்ள வாளியோடு கிணற்றுக்குள் இறங்கினார். நான்கு முறை இறங்கி ஏறினார். நான்காவது முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். சுவிட்சைப் போட்டதும் அண்ணனின் மோட்டார் மட்டும் தனியாக ஓடியது. அரைக்கும் சத்தம் இல்லை. தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை வீடுவரை கேட்டது.

குளிப்பாட்டும் இடத்தில் வேட்டியால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்து யாரோ, "கமாலு, எங்கப்பா போன? அண்ணன் தலையப் பிடிக்க ஆள் வேணும்" என்றார்கள். கமால் அசையாமல் வெளியிலேயே நின்றார். முழங்கைவரை மோட்டாரின் கருப்பு மசகு அப்பியிருந்தது.

ரஃபியா வாளித் தண்ணீரும் சொம்பும் சோப்புமாக வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கைய நீட்டுங்க."

ஊற்றினாள். மசகு லேசில் போகவில்லை. பல்லைக் கடித்தபடி அடுத்த சொம்பை மொண்டாள்.