நான்கு தட்டு பீரோ

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். சீர்ப் பொருட்களை ஏற்ற டெம்போ பத்து மணிக்கு வந்துவிடும். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் வண்டி சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. எட்டரை மணிக்கு நான் புது ஸ்டீல் பீரோவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு தட்டுகள். மூன்றில் சேலை, ஒன்றில் புத்தகம் என்று அம்மா பிரித்திருந்தாள். நெருக்கி அடுக்கினால் ஒரு தட்டில் ஐம்பது போகும். என்னிடம் இருநூறு இருந்தன. மிச்சத்தை எடைக்குப் போடச் சொல்லிவிட்டாள்.

எனக்குப் பார்த்திருந்த முத்துக்கிருஷ்ணன் மேலநீலிதநல்லூர்க்காரர். போனில்தான் வாசிப்பார். நிச்சயம் முடிந்த வாரத்தில், எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, எதற்குச் சுமக்கிறாய் என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இப்போது ஒவ்வொரு தலைப்பாகப் போனில் தேடினேன். முக்கால்வாசி இருந்தது. கிடைத்தவற்றை இடப்பக்கம் போட்டேன். அந்தக் குவியல் உயர்ந்துகொண்டே போனது. அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். பனவடலிசத்திரம் தாண்டும்போது பஸ் ஜன்னலில் மழையடித்து உப்பிப்போனது. நாற்பத்தேழாம் பக்க ஓரத்தில், 'இவள் ஏன் திரும்பிப் போகவில்லை?' என்று பத்தொன்பது வயதில் பென்சிலால் எழுதியிருந்தேன். போனில் அந்தக் கதை இருந்தது. இந்தக் கேள்வி இல்லை.

எழுந்து அறைக்கதவைச் சாத்தினேன். புத்தகங்கள் இருந்த அட்டைப்பெட்டிகளுக்குச் சேலைகளை மாற்றினேன். நான்கு தட்டிலும் புத்தகம். பூட்டி, சீரோடு போகவிருந்த தங்கை பொன்மணியிடம் சாவியைக் கொடுத்தேன்.

பீரோவைத் தூக்கிய நான்கு பேரும் உடனே கீழே இறக்கினார்கள். டெம்போ ஓட்டும் பெத்துராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"யக்கா, உள்ள சேல இருக்கா, கிரைண்டர் கல்லு இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தை. பத்து இருபது.

"ஏட்டி, அங்கன பொம்பளைய பூராவும் பீரோவத் தொறந்து பாப்பாளுவ. தெரியும்லா?"

தெரியும் என்று தலையாட்டினேன். இறக்கி மாற்ற நேரமில்லை. பெட்டிகளையும் சேர்த்து ஏற்றச் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

ராகு காலம் கழியாமல் அங்கே பீரோவைத் திறக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணிவரை நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. பன்னிரண்டு ஐந்துக்குப் பொன்மணி வீடியோவில் கூப்பிட்டாள். சாவி திரும்பியது. கூடியிருந்த பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இதென்ன, லைப்ரரி பீரோவ மாத்தி ஏத்திட்டாவளா?" என்றார் முத்துக்கிருஷ்ணனின் அம்மா.

முத்துக்கிருஷ்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வரிசையில் துருத்திக்கொண்டிருந்த அந்த உப்பிய புத்தகத்தைத்தான் உருவினார். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இத நான் போன்ல ரெண்டு தடவ வாசிச்சிருக்கேன். இவ ஏன் திரும்பிப் போகலன்னு கேக்கத் தோணலயே."

"அது கெடக்கட்டும். சேலைய எங்கன வைக்க?" என்றார் அவர் அம்மா.

"என் அலமாரியில வைக்கட்டும்மா. என் புஸ்தகம் பூரா போன்லதான கெடக்கு. அது காலியாத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அவர் காதில் அது விழவில்லை. பீரோவில் சாய்ந்தபடி பக்கத்தைத் திருப்பினார்.

என் அடுத்த கேள்வி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பொன்மணியிடம் போனை வைக்க வேண்டாம் என்றேன்.