இருபத்து நான்கு இணைப்புகள்

குவாண்டம், குவாண்டம் என்று ஊரே குதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பேப்பரைப் பிரித்தால் குவாண்டம், டீவியைப் போட்டால் குவாண்டம். இன்னும் பத்து வருஷத்தில் லட்சம் பேருக்கு வேலை என்றார்கள். அந்த லட்சம் பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கரும்பலகை முன்னால் நின்று தாடையைச் சொறிவார்கள் என்று எல்லோருக்கும் நினைப்பு. அந்தக் கம்பெனிக்காரர்களைக் கேட்டிருந்தால் அல்லவா தெரியும்? அவர்கள் தேடி அலைந்தது குழாய் மாட்டத் தெரிந்த ஆட்களை. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐஸ் கட்டியெல்லாம் அனல். அதைவிட எத்தனையோ மடங்கு குளிரில் உட்கார வைத்தால்தான் அது கணக்குப் போடும். அப்படிக் குளிர வைக்க ஒரு பெரிய எஃகு உருளை. உருளைக்குள் பொட்டுக் காற்று இருக்கக் கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அத்தனையும் தண்டம். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அந்த ஓட்டையைப் பற்றி நாற்பது பக்கம் கட்டுரை எழுதுவார்கள். அடைக்கச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

அதனால்தான் அந்த விளம்பரம். ஒரே ஒரு இடம். குளிர்சாதன வேலையில் பத்து வருஷ அனுபவம் வேண்டும், பட்டம் தேவையில்லை.

ஏணியம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருந்தது. ஏசி மெக்கானிக். அடுத்தவர் ஏணியை நம்பாமல் சொந்த ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதால் வந்த பெயர். ஐந்தாவது மாடி, எட்டாவது மாடி என்று ஜன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியில் நின்று வேலை பார்ப்பவள். போன மாதம் அவளோடு வேலை பார்த்தவர் நின்றிருந்த தாங்கி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. உயிர் பிழைத்தார். இடுப்புதான் போயிற்று. அன்றிலிருந்து ஏணியம்மாவுக்கு உயரத்திலிருந்து கீழே பார்த்தால் முழங்கால் கிடுகிடு என்று ஆடியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கால் ஆடும் மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? வீட்டில் படுக்கையோடு அம்மா வேறு. எப்படியாவது தரையில் நின்று செய்கிற ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. விண்ணப்பத்தைப் போட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் பகலில் தம்பி போன் பண்ணினான். அப்போது ஆறாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக இருந்தாள்.

தம்பி அந்தக் கம்பெனியில்தான் விஞ்ஞானி. குவாண்டத்தில் டாக்டர் பட்டம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்க வருவான். ஆனால் ஆபீசில் ஒரு வேலை காலியாக இருப்பதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. அவளும், வேலை கிடைத்த பிறகு சொல்லி அவனைத் திகைக்க வைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு அப்ளை பண்ணினே?" என்றான், எடுத்த எடுப்பிலேயே.

"யாரைடா கேட்கணும்? பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"நாளைக்கு டெஸ்ட் நடத்தற ரெண்டு பேர்ல நான் ஒருத்தன். லிஸ்ட்ல உன் பேரைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?"

"சந்தோஷமா இருந்திருக்கும்."

"அக்கா, விளையாடாதே. நான் ஒரே பிள்ளைன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அப்பா காலேஜ் வாத்தியார்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நீ திடீர்னு ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்து நின்னா என் மானம் கப்பலேறிடும்."

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்துச் செத்தவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இவன் ஒரு குடும்பத்தையே மறைத்திருக்கிறான். ஆத்திரம் ஜிவ்வென்று ஏறியது. ஆனால் நிற்கிற இடம் ஆத்திரப்படுகிற இடமா? ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். எனக்கு அந்த வேலை வேணும்டா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க ஓட்டை கண்டுபிடிக்க ஹீலியம்னு ஒரு கேஸ் அடிப்பாங்களாமே, நான் அதைத் தொட்டதே இல்லை. எங்க கேஸ் மாதிரிதானா அதுவும்? கீழே இறங்குமா?"

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆமா," என்றான் தம்பி. "எல்லா கேஸும் அதே மாதிரிதான்."

டாக்டர் பட்டம் வாங்கினவனே சொன்ன பிறகு வேறு யாரைப் போய்க் கேட்பது? அவள் நம்பினாள்.

மறுநாள் தேர்வுக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். இவள்தான் கடைசி. முன்னால் போன ஐந்து பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் போனாள். ஜன்னலே இல்லாத பெரிய கூடம். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு எஃகு உருளை, கூரையிலிருந்து தொங்கியது. அதன் மேல் மூடியிலிருந்து அடித்தட்டு வரை, ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண் எழுதிய குழாய் இணைப்புகள். பக்கத்தில் ஒரு மோட்டார் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதன் தலையில் ஒரு மீட்டர்.

பெரிய மேடம் என்று அங்கே எல்லோரும் கூப்பிட்ட நரைத்தலை அம்மாள்தான் கூடத்துக்குத் தலைவி. வளவளப்பு இல்லாதவர். "இதுல ஒரு இணைப்பு கசியுது. இந்தத் துப்பாக்கியால வெளியே ஹீலியம் அடிங்க. கசியற இடத்துல அடிச்சா உள்ளே போகும், மீட்டர் ஏறும். இருபத்தஞ்சு நிமிஷம். எந்த இணைப்புன்னு சொல்லணும்," என்றார்.

அவருக்குப் பக்கத்தில் தம்பி. இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. "தொடங்கலாம், மேடம்," என்றான் அக்காளைப் பார்த்து, யாரோ எவளோ போல.

ஏசி கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையைப் பார்த்து இறங்கும். அதனால் ஏசிக்காரர்கள் எப்போதும் அடியில்தான் தேடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இருபத்து நான்காம் இணைப்பில் அடித்தாள். காத்திருந்தாள். சாவகாசமாக மீட்டர் ஏறியது.

கிடைத்துவிட்டதா? இவ்வளவு சுலபமா? வாயைத் திறக்கப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்து மூன்றிலும் அடித்தாள். அதற்கும் ஏறியது. இருபத்திரண்டு. அதற்கும் ஏறியது, முன்னதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக.

அவளுக்கு எங்கோ உதைத்தது. ஒரு இணைப்புதான் கசிகிறது என்றார்கள், மூன்று ஏறுகிறதே. ஓட்டை இங்கே இருந்தால் அடித்த கணமே ஏற வேண்டாமா? ஏதோ ஆடி அசைந்து போய்ச் சேர்ந்த மாதிரி அல்லவா ஏறுகிறது? மேலே போகப் போகச் சீக்கிரம் வேறு ஏறுகிறது. அப்படியானால் இந்த கேஸ் கீழே இறங்கவில்லை. மேலே போகிறது.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் உதட்டின் ஒரு ஓரத்தைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்து ஒளித்துவிட்டு வந்து நிற்கும்போது இதே முகம்தான். நேற்று போனில் அந்தக் கொஞ்ச நேரச் சத்தமின்மை எதற்கு என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அடப்பாவி! மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டவன் இல்லை இவன். யோசித்து, நிதானமாக, குழி வெட்டியிருக்கிறான்.

"மேடம்," என்றாள் பெரிய மேடத்திடம், "இந்த கேஸ் காற்றைவிடக் கனமா, லேசா?"

"டெஸ்ட் நடக்கறப்ப கேள்வி கேட்கக் கூடாது," என்று குறுக்கே விழுந்தான் தம்பி.

பெரிய மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்கலாமே. இங்க தெரியாம வேலை செய்யறவங்கதான் மெஷினைக் கெடுக்கறாங்க, கேட்கறவங்க இல்லை. முன்னாடி வந்த அஞ்சு பேரும் கேட்காமத்தான் அடியிலேயே சுத்திட்டுப் போனாங்க. லேசும்மா. பலூன்ல அடைக்கிற கேஸ்தான்."

"அப்ப ஒரு ஏணி கொடுங்க."

ஏணி வந்ததும் அவள் ஏறிவிடவில்லை. மீட்டர் பழைய இடத்துக்கு இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டைம் போகுது," என்றான் தம்பி.

"போகட்டும் சார். உள்ளே போன கேஸ் வெளியே வரணுமில்ல? அதுக்கு முன்னாடி அடிச்சா மீட்டர் பொய்தான் சொல்லும்."

இறங்கியது. ஏறினாள். ஏணியில் ஐந்தாவது படி. முழங்கால் கொஞ்சம் ஆடத்தான் ஆடியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். மேலேயிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே இறங்கினாள். மீட்டர் அசையவில்லை. ஏழு வரைக்கும் இல்லை. எட்டில் அடித்தாள். விசையை விடுவதற்குள் மீட்டர் துள்ளி ஏறியது.

"எட்டு," என்றாள்.

மோட்டாரை நிறுத்தி எட்டைக் கழற்றினார்கள். உள்ளே ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு நரைமுடி படுத்திருந்தது.

"என்னுடையதுதான்," என்றார் பெரிய மேடம். "காலையில பிடுங்கி வெச்சேன். ஒரு முடி போதும், ஒரு மாச வேலை வீண். ஆமா, ஏன் கீழேயிருந்து ஆரம்பிச்சீங்க?"

"பழக்கம் மேடம். அதோட நேத்து ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். எல்லா கேஸும் ஒரே மாதிரிதான்னு சொன்னார்."

"எந்த மடையன் அவன்?"

தம்பியின் பேனா நோட்டில் அப்படியே நின்றது. கழுத்து வரை சிவந்துவிட்டான். ஏணியம்மா ஒரு நொடி அவனை அனுபவித்துப் பார்த்தாள். பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடி அவளுக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது.

"மடையன் இல்லை மேடம்," என்றாள். "நல்லாப் படிச்சவர்."

பெரிய மேடம் சிரித்துவிட்டு ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். "வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வந்துடுங்க. இதை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க, நான் ஆர்டரை எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் அக்காளும் தம்பியும் மட்டும்தான். தாளில் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். தேர்வு நடத்தியவர்களோடு உறவு உண்டா? உண்டென்றால் என்ன உறவு? மறைத்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. உண்டு என்று எழுதினால் இந்தத் தேர்வு செல்லாது.

"இல்லைன்னு போடு அக்கா," என்றான் தம்பி, வாசலைப் பார்த்துக்கொண்டே. "டெஸ்ட் நடத்தறவங்களும் எழுதிக் கொடுக்கணும், நானும் அப்படித்தான் போட்டேன்."

"எப்போ?"

"போன வாரம். லிஸ்ட் வந்த அன்னிக்கே."

"எங்கே, காட்டு."

"இப்ப எதுக்கு அது?"

"காட்டுடா."

நோட்டுக்குள்ளிருந்து அதன் நகலை எடுத்துக் காட்டினான். அவளுடைய பெயருக்கு நேராக, குண்டு குண்டாக, அவள் கைபிடித்து எழுதப் பழக்கிய அதே கையெழுத்து. உறவு ஏதுமில்லை.

"போன வாரம் இதை எழுதிட்டு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து என் கையால சாப்பிட்டுட்டுப் போயிருக்கே. நேத்து வேற அப்படி ஒரு பொய்."

"நீ தோத்துட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு நினைச்சேன். உனக்கும்தான். இங்க எல்லாரும் உன்னைக் கேவலமாப் பார்ப்பாங்க."

"இங்க யாரும் அப்படிப் பார்க்கலை. நீ ஒருத்தன்தான் பார்க்கறே."

அவள் தாளைப் பார்த்தாள். உண்டு என்று எழுதிவிட்டால் இவன் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளும் மறுபடி ஆறாவது மாடி ஜன்னலுக்கு வெளியே காலை வைக்க வேண்டியதுதான். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள். உறவு ஏதுமில்லை. கையெழுத்தும் போட்டாள்.

தம்பி பெருமூச்சு விட்டான். போன உயிர் திரும்பி வந்த முகம். "தேங்க்ஸ் அக்கா. ஞாயித்துக்கிழமை வரேன், பேசிக்கலாம்."

"வராதீங்க சார்."

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுகொண்டான்.

"அக்கா, அது வெறும் பேப்பர்."

"எனக்கு எழுத்து ஒண்ணு, பேச்சு ஒண்ணு கிடையாது. தலைமுழுகிட்டேன். இங்க என்ன வேலை சொன்னாலும் செய்யறேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றேன். வீட்டுப் பக்கம் வராதீங்க."

"அம்மா கேட்பாங்களே?"

"உங்க ஆபீஸ்ல சொன்ன மாதிரியே சொல்லிடறேன். அவங்களுக்கு ஒரே பிள்ளை. நான்தான்."

அவன் உதடு கோணியது. இந்த முறை எதையும் ஒளிப்பதற்காக அல்ல. வாசலில் பெரிய மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எழுதியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பெரிய மேடம். "தப்பு ஏதாவது இருந்தா இப்பவே அடிச்சுத் திருத்திக்கங்க. மேலே போயிட்டா மாத்த முடியாது."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்தது. அவன் முதுகு குலுங்குவதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"தப்பு ஒண்ணும் இல்லை மேடம்," என்று தாளை நீட்டினாள்.