எஞ்சின் தலையில் உப்பு

கல்முனைக்குடி ஆதம்பாவா ஹாஜியாரின் அரிசி ஆலை எஞ்சினுக்கு ரேடியேட்டரும் கிடையாது, காற்றாடியும் கிடையாது. அவையெல்லாம் வழக்கத்துக்கு வருமுன் வெள்ளைக்காரன் வார்த்த சாமான் அது. தலையில் ஒரு திறந்த தொட்டி. அதிலுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகும், சூட்டையும் கூடவே கொண்டுபோகும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

சுனாமிச் சேற்றில் கிடந்த அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவி, இரண்டு மாதத்தில் ஓடவைத்தவர் ஆலையின் எஞ்சின்காரர் மீராசா. அகதி முகாமின் நானூறு குடும்பங்களுக்கும் சவளக்கடை வயல்களின் நெல்லை அரிசியாக்க வேறு ஆலை மிஞ்சவில்லை.

நிவாரண அமைப்பின் பொறியியலாளர் றஸாக் கொழும்பிலிருந்து வந்தார். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அமைப்பு முகாமுக்கு அனுப்பும் பவுசர் லொறியின் தண்ணீரை மீராசா தொட்டியில் ஊற்றுவதைக் கண்டதும் கத்தினார்.

"குடிக்கிற தண்ணிய எஞ்சினுக்கு ஊத்துறீங்களா? கிணத்துத் தண்ணிய ஊத்துங்க!"

"கடல் ஏறின கிணறு சேர். ஒரே உப்பு."

"கப்பலெல்லாம் கடல் தண்ணியிலதானே ஓடுது?"

மீராசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கப்பல் தண்ணிய உறிஞ்சித் திருப்பிக் கடலுக்கே துப்புது சேர். இது கொதிச்சி ஆவியாப் போற தண்ணி. தண்ணி போகும், உப்பு எங்க போகும்? நீங்க உப்பளம் பாத்ததில்லையா?"

றஸாக் பக்கத்தில் நின்ற ஹாஜியாரிடம் திரும்பினார். "ஹாஜியார், உங்கட ஆள் கனக்கக் கதைக்கிறார். முகாமுக்குப் பவுசர் வேணுமா, வேணாமா?"

ஹாஜியார் மீராசாவின் கையைப் பிடித்தார். "வாய மூடு மீராசா. பிள்ளைகள் தண்ணி குடிக்கோணும்."

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா? கிணற்றுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பதின்மூன்றாம் நாள் எஞ்சின் அலறி நின்றது. தொட்டியின் அடியில் உள்ளங்கைத் தடிப்பில் உப்பு பாறையாக இறுகியிருந்தது. சூடு போக வழியில்லாமல் சிலிண்டர் வெடித்துவிட்டது. அதற்கு மாற்றுச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

றஸாக் அறிக்கை எழுதினார்: 'பராமரிப்புக் குறைவு.' மீராசாவிடம் கையொப்பம் கேட்டு நீட்டினார்.

மீராசா உளியால் ஒரு கட்டியை உடைத்து அந்தத் தாளின்மேல் வைத்தார். "இதையும் எழுதுங்க சேர். முகாமுக்கு உப்பு ரெடி, அரிசிதான் இல்ல."

வெளியே, குத்தாத நெல் மூட்டைகளோடு சனம் நின்றது. அவர்களை நிமிர்ந்து பார்க்க மீராசாவால் முடியவில்லை. றஸாக்கை அடிக்கலாம் போலிருந்தது. ஆனால், எல்லாம் தெரிந்துகொண்டே பன்னிரண்டு நாளும் வாளி வாளியாக அள்ளி ஊற்றியது அவருடைய கைதானே!