பிடி மட்டும் தனியாக வராது

1

இந்தக் கதை எனக்கு ஒரு வீட்டுச் சாமான் கடையில் கிடைத்தது. நான் பல்பு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி கடைக்காரரிடம் கேட்டார்:

"காய் சீவுற ஸ்லைசர் இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு பிடி வருமே. அது மட்டும் குடுங்க."

"அது தனியா வராதும்மா. முழு செட்டாத்தான் வாங்கணும்."

"செட்டு எங்கிட்ட இருக்கு. பிடியத்தான் காணோம்."

"பிடி இல்லாமலே சீவலாமே. எங்க வீட்ல அத யாரும் தொடறதே இல்ல."

பெண்மணி தன் விரல் நுனிகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எல்லாருக்கும் அது முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். தோளில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நானாக நடந்த தூரம்.*

* ஸ்லைசரைப் பார்த்திராதவர்களுக்காக: ஒரு சாய்வான பிளாஸ்டிக் பலகை, நடுவில் குறுக்கே பிளேடு. காயை மேலிருந்து கீழே தேய்த்தால் வில்லை வில்லையாக விழும். பிடி என்பது காயின் தலையில் குத்தி உட்காரும் தொப்பி. அடியில் சின்னச் சின்ன ஊசிகள். கை தொப்பிக்கு மேலே, பிளேடு காய்க்குக் கீழே. தொப்பி இருக்கும்வரை இரண்டும் சந்திக்காது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெள்ளரிக்காய் சிவந்தது."

வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பழகிய கை. முதல் வரியில் ரத்தம் இல்லாவிட்டால் அதற்கு வேலை ஓடாது. இரண்டே சொல்லில் வாசகரைப் பிடித்துவிட்டேன் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். யாருடைய ரத்தம் என்று யோசித்தபோது அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்ட விரல் நுனிகள் நினைவுக்கு வந்தன. அந்த வரியை அடித்துவிட்டேன்.

அடுத்தது: "அவள் ஒரு தையற்காரி. ஊசி அவளுக்கு ஆறாவது விரல். அது அவளை ஒருநாளும்—"

[பாதியில் விட்டேன். ஊசியை ஆறாவது விரல் என்று எழுதுகிறவன் தன் சட்டைக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்திருக்க மாட்டான்.]

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொண்டேன். அது இது:

ஒரு நாள் வெள்ளைத் துணிக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, துணியில் ஒரு சிவப்புப் புள்ளியைத் தையற்காரி பார்த்தாள். நூல் பிசிறு என்று நினைத்துத் தட்டினாள். பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. பிறகுதான் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி ஆள்காட்டி விரலில் குத்தி நின்றுகொண்டிருந்தது. வலிக்கவில்லை.

சர்க்கரை வியாதி காலில் தொடங்கிக் கைக்கு ஏறியிருக்கிறது, நுனி நரம்புகள் மரத்துப்போய்விட்டன என்றார் டாக்டர். இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்புவது கஷ்டம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து தையல் மெஷினுக்கு நூல் பிரிந்த ஒரு நீலப் போர்வையைப் போர்த்தினாள். தைத்துத்தர வாங்கிவைத்திருந்த துணிகளை வேறொரு தையற்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது சமையலறை.

3

அதுவும் போயிற்று. வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலில் இறங்கியது. இந்தத் தடவையும் அவளுக்குக் கண்தான் சொன்னது, கை சொல்லவில்லை. கணவர் அன்றைக்கே கத்திகளையெல்லாம் அள்ளி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

கணவர் பேருந்து ஓட்டுநர். இதுவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. அதை வீட்டிலும் அடிக்கடி சொல்வார்.

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"நீங்க வெச்ச குழம்ப நீங்களே ரெண்டாவது தடவ ஊத்திக்கல."

"பழகப் பழக வந்துடும்."

"அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணும்ல."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "மெஷினயும் மூடியாச்சு. இதுலயும் கை வெக்கக் கூடாதுன்னா நான் இந்த வீட்ல எதுக்குங்க இருக்கேன்? நாற்காலி மாதிரியா?"

அவர் அலமாரியின் மேல்தட்டை ஒரு தடவை பார்த்தார்.

ஸ்லைசரை அவளே தேடி வாங்கிவந்தாள். அவர் முன்னால் வைத்துச் செய்து காட்டினாள். அடியில் ஈரத்துணி விரித்தாள், பலகை நழுவாது. கேரட்டின் அடியைத் தட்டையாக அவரையே நறுக்கித் தரச் சொன்னாள், ஆடாமல் நிற்கும். பிடியைத் தலையில் குத்தினாள். உள்ளங்கையால் அழுத்தி, விரல்களைத் தூக்கிக்கொண்டு சீவினாள். காய் குட்டையானதும் நிறுத்தினாள். அந்த மிச்சத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அத ஏன் விட்ட? இன்னும் ரெண்டு வில்லை வருமே."

"அது சீவுறவங்களுக்கு."

அவர் ஒரு பரிசோதகர் மாதிரி பலகையைச் சுற்றிவந்து பார்த்தார். "சரி. ஆனா ஒரு சொட்டு ரத்தம் பாத்தேன்னா இதுவும் மேல்தட்டுக்குப் போகும். அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது."

அவள் ஒப்புக்கொண்டாள். காலையில் அவர் காய்களின் காம்பையும் அடியையும் நறுக்கிவைத்துவிட்டு வேலைக்குப் போவார். மற்றதை அவள் சீவிச் சமைப்பாள். வீட்டில் மறுபடி தாளிக்கும் வாசனை வந்தது.

4

ஒரு காலை, பிடியைக் காணவில்லை.

பலகை இருந்தது. பிளேடு இருந்தது. தட்டில் அடி நறுக்கிய கேரட்டுகள் இருந்தன. பிடி மட்டும் இல்லை. கழுவும் தொட்டி, குப்பைக்கூடை, அடுப்புக்குப் பின்னால், எல்லா இடமும் பார்த்தாயிற்று.

இங்கே என் தொடர்கதைப் புத்தி எழுந்து உட்கார்ந்தது. வீட்டில் இரண்டே பேர். எடுத்தவர் கணவர். உணர்ச்சியற்ற விரல்கள் உள்ள மனைவி. பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பிளேடை விட்டுவிட்டுப் போகிற கணவர். ஆயுதமே தேவையில்லாத குற்றம். இன்ஸ்பெக்டருக்கு மீசைகூட வரைந்துவிட்டேன்.

எழுதினேன்: "பேருந்தின் இருக்கையில் அமர்ந்து அவர் புன்னகைத்தார். இந்நேரம் அவள்—"

[அந்த ஆள் புன்னகைக்க மாட்டேன் என்கிறார். தினமும் காலையில், அரைத் தூக்கத்தில், மனைவிக்காகக் காம்பு நறுக்கிவைக்கிறவரை நான் எப்படிக் கொலைகாரராக்குவேன்? இன்ஸ்பெக்டரை மீசையோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.]

அவளையாவது அவசரப்பட வைக்கலாம் என்று பார்த்தேன். "ஒரே ஒரு கேரட்தானே என்று நினைத்தாள். எடுத்தாள். பலகையில் வைத்தாள். அழுத்தி—"

அழுத்தவில்லை. கேரட்டைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அங்கேதான் அவளுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

5

மாலையில் ஓட்டுநர் வந்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டில், துண்டு, காலி டப்பா எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார். கடைசியாகப் பிடியும் வந்தது.

"இது உங்க பையிலயா இருந்துச்சு?"

"பின்ன? அடியில பாரு, பூரா ஊசி. நேத்து கழுவறப்ப எனக்கே குத்திடுச்சு. எனக்காவது சுருக்குன்னு தெரிஞ்சுது. உனக்குக் குத்தினா தெரியுமா? வீட்டுல வெக்கவே வேணாம்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"அப்ப பலகைய ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"அது வெறும் பிளாஸ்டிக்குதானே."

"அதுல பிளேடு இருக்குங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் ஒரு பளபளப்பான கோடுதான் தெரியும். பிளேடு என்று சொன்னால்தான் பிளேடு. ஊசிகள்தான் முறைத்துக்கொண்டு நிற்கின்றன.†

† இதை நான் புனைந்தது அந்தக் கடையிலேயே. ஒரு ஸ்லைசர் டப்பாவைத் திறந்து பார்த்தேன். என் கையும் பிடியைத்தான் பயந்து தொட்டது. பலகையை அலட்சியமாகத் தூக்கியது.

தப்பு புரிந்த முகம் அவருக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. கீறல் விழாத ஓட்டுநர் அல்லவா.

"பிளேடு இருந்தா என்ன? பாத்து சீவினா ஒண்ணும் ஆகாது. இதெல்லாம் உனக்கு வேணாம்னுதான் சொல்றேன். எனக்கு உணர்ச்சி இருக்கு. பட்டுச்சுன்னா கைய எடுத்துருவேன். இங்க பாரு."

ஒரு கேரட்டை எடுத்தார். ஈரத்துணி இல்லை, பிடி இல்லை. சர் சர்ரென்று சீவினார்.

"பட்டதும் எடுப்பீங்களா, படறதுக்கு முன்னாடியா?"

"அது வந்து... பட்டதும்."

"வலி வெட்டுக்கு அப்புறம்தாங்க வரும். உங்களுக்கு வந்து சொல்லும், எனக்குச் சொல்லாது. ஆனா அதுக்குள்ள ரெண்டு பேருக்குமே வெட்டு விழுந்தாச்சு. நான் கைய நம்பலீங்க. அதனாலதான் பிடியக் கேக்கறேன்."

"பேச்சுல உன்ன யாரு ஜெயிக்கறது" என்று அவள் முகத்தைப் பார்த்தபடியே சீவினார். கேரட் குட்டையாகிக்கொண்டே வந்தது. பலகை ஒரு தடவை நழுவியது. இடது கையால் இழுத்து வைத்துக்கொண்டார்.

அவள் பிடியை அவர் பக்கம் நகர்த்தினாள். "போதும். மிச்சத்துக்கு இதப் போட்டுக்குங்க."

அவர் பிடியைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வில்லை வரும்ல" என்றார்.

6

இதற்குப் பிறகு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, வாரப் பத்திரிகைக்கானது. அழுத்துகிறார். விரல். அவள் சொன்னது சரியாகிவிடுகிறது, சமையலறை போய்விடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் என்றுதான் ஒப்பந்தம், யாருடைய ரத்தம் என்று யாரும் பேசவில்லை. சரியாகச் சொன்னதற்காக அவள் மறுபடி நாற்காலியாகிவிடுவாள்.

இரண்டு, குடும்பத்தோடு படிப்பவர்களுக்கானது. பிடியை எடுத்துக் காயில் குத்துகிறார், கண் கலங்குகிறார், இனி எல்லாம் உன் இஷ்டம் என்கிறார். இவ்வளவு வேகமாகத் திருந்தும் கணவர்களை நான் கதைகளில் மட்டுமே சந்தித்திருக்கிறேன். அவற்றையும் நானேதான் எழுதினேன்.

மூன்றில் அவள் அவர் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்கிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நாளைக் காலை பிடி மேசையில் இருக்குமா, பையில் போகுமா? அவர் கை தானாக நின்றால்தானே அவளுக்குச் சமையலறைக் கதவு திறக்கும். பிடுங்கினால்—

[விட்டுவிடுகிறேன்.]

7

இப்போது கதையும் குட்டையாகிவிட்டது. இன்னும் ஒரு வரி, இரண்டு வரி வரும். கை துறுதுறுக்கிறது. ஆனால் காய் தீரப்போகிற இடத்தில், வீணாகிறதே என்று அழுத்தும் அந்த ஒரு அழுத்தில்தான் விரல் போகிறது. இவ்வளவு தூரம் அதைச் சொல்லிவிட்டு நானே அழுத்தினால் நன்றாக இருக்காது. கையை எடுத்துக்கொள்கிறேன்.

துண்டு அவர் விரல்களுக்குக் கீழே இருக்கிறது. பிடி மேசையில், அவருக்கு எட்டும் தூரத்தில், வாசிக்கிற உங்களுக்கும்தான். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்க மறந்துவிடாதீர்கள்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.