கண்ணாடி முனையில் கட்டைவிரல்

டோர்ஸ்டனை நினைத்தாலே இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

எகான், பழைய கணினிகளைச் சேர்க்கும் எங்கள் குழுவில் இருந்தவன். டூயிஸ்பர்க் நகரத்து வாடகைத் தோட்டக் காலனியில் அவனுக்கு ஒரு குடில். குடிலில் ஒரு கணினி, தோட்டத்துக் கோடிக் கொட்டகையில் இன்னொரு கணினி. இங்கிருந்து தட்டினால் அங்கே பொம்மை ரயில் ஓடும். இரண்டு முறை இடி விழுந்து செப்புக் கம்பியோடு கணினியும் கருகிவிட்டது. அதனால்தான் மின்சாரத்துக்குப் பதில் வெளிச்சத்தைக் கடத்தும் கண்ணாடி ஒளியிழையை இழுத்து, இரண்டிலும் ஒளியிழைக் கார்டு செருகினான். இன்றைக்கு அந்தக் கார்டு கிடைப்பதில்லை. குழுவில் அதற்கு நாக்கைத் தொங்கப் போடாத ஆள் இல்லை.

எகான் போன மாசிக் குளிரில் செத்தான். ரயிலும் நின்றது. அவன் மனைவி கெர்லிண்ட் குழுத் தலைவன் டோர்ஸ்டனைக் கூப்பிட்டாள். அவன் கருவிப் பெட்டியைத் தூக்க நானும் போனேன்.

"நாளைக்கு மருமகன் வர்றான். ரயில் ஓடலைன்னா எல்லாத்தையும் குப்பைக்கு ஏத்திடுவேன்னு சொல்றான்" என்றாள். "ஓடிட்டா அவன் வாய மூடிருவேன்."

"கவலைப்படாதீங்கம்மா. எகான் என் கூடப் பொறந்தவன் மாதிரி" என்றான் டோர்ஸ்டன். வழியில் வாங்கிய உருளை வறுவலை மயோனைஸில் தோய்த்துத் தின்றுகொண்டே சொன்னான்.

குடில் கணினியின் மூடியைக் கழற்றினோம். உள்ளே எலிப் புழுக்கை. எகான் இழுத்த சிகரெட்டெல்லாம் மஞ்சள் பிசினாக அப்பியிருந்தது. அந்த நாற்றம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. உள்ளே மின்பலகையில் இருந்த சின்னப் பேட்டரிதான் செத்திருந்தது. மாற்றிப் போட்டதும் கார்டில் பச்சை விளக்கு எரிந்தது.

டோர்ஸ்டன் அதைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். "அம்மா, ஒரு காபி கிடைக்குமா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் இழையைப் பிடுங்கி, மயோனைஸ் வழிந்த கட்டைவிரலை அந்தக் கண்ணாடி முனையில் வைத்துத் தேய்த்தான். திரும்பச் செருகினான். பச்சை விளக்கு வரவில்லை.

காபியோடு வந்தவளிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். "கார்டு போயிடுச்சும்மா. ரெண்டு கணினியையும் நானே எடுத்துட்டுப் போறேன். வச்சிருந்தா உங்களுக்கு மனசுதான் கஷ்டம்."

கெர்லிண்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கார்டு போகல" என்றேன். "இழையைப் பிடுங்கி முனைய நசநசன்னு ஆக்கிட்டான்."

"பெட்டி தூக்க வந்தவன் பெட்டிய மட்டும் தூக்குடா" என்றான்.

"வாராவாரம் நீதானேடா என்னைப் பாத்துக் கத்துவ? 'முனையத் தொடாத, மூக்க நோண்டுன கை, வெளிச்சம் செத்துரும்'னு? இன்னைக்கு உன் கை மட்டும் என்ன, ரோசாப்பூவா?"

அவன் சிரித்தான். கெர்லிண்ட் சிரிக்கவில்லை. எழுந்து அவன் கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் புட்டியையும் துணியையும் எடுத்தாள். எகான் செய்வதைப் பார்த்துப் பழகியவள், இழையை உருவித் துடைத்தாள். துணியில் வெள்ளையாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்துவிட்டு, முனையை இன்னொரு தடவை துடைத்துச் செருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. அவள் விசையைத் தட்டினாள். கொட்டகையில் ரயில் கடகடவென்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"அட, வெறும் அழுக்குதான்! நல்லவேளை" என்றான் டோர்ஸ்டன். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. மேசையிலிருந்த பிளம் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டான். மென்றுகொண்டே, "விக்கிற எண்ணம் வந்தா வேற யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா" என்றான். கேக் தூள் கணினிக்குள் உதிர்ந்தது.

எகானின் சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவன் இவன்.

"வாயில இருக்கறத முழுங்கிட்டுக் கிளம்புங்க" என்றாள் கெர்லிண்ட்.

அவன் காரில் நான் ஏறவில்லை. ரயில் நாலைந்து சுற்று ஓடும்வரை கொட்டகையில் அவளோடு நின்றேன். பிறகு அவள் மண்வெட்டிப் பெட்டியில் கிடந்த துருப்பிடித்த பூட்டைத் தேடி எடுத்து வந்து குடில் கதவில் மாட்டினாள்.

"இத்தன வருஷமா இந்தக் கதவுக்குப் பூட்டே போட்டதில்ல, ஹோர்ஸ்ட்" என்றாள். "அவரு சினேகிதங்க எந்நேரமும் வருவாங்கன்னு."