கறை மேசைக்கு ஹார்ட் விழாது

அம்மா, இதைக் குடும்ப குரூப்பில்தான் போடுகிறேன். நீ மட்டும் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. சித்தப்பா போனும் கையுமாக எங்கே இருந்தாலும் இழுத்து வந்து உட்கார வை. அவர்தான் முதல் குற்றவாளி.

எங்கள் லாண்டரியில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள், இந்தப் பக்கம் நானும் என் இஸ்திரி மேசையும். எனக்குப் பின்னால் வாஷிங் மிஷின்கள். அதற்கும் பின்னால் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போனால் கறை மேசை. காபி, மை, எண்ணெய், ரத்தம், துணியில் எது பட்டிருந்தாலும் முதலில் அங்கேதான் போகும். அங்கே நிற்பவருக்குக் கறை அக்கா என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டதும் அவரேதான். "அழகுராணின்னு கூப்பிட உங்க யாருக்கும் வாய் வராது. அதான் நானே குறைச்சுக்கிட்டேன்" என்பார்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நீராவி பட்டு மணிக்கட்டு வெந்துபோனதே, அன்றைக்கு ஓடி வந்து களிம்பு தடவியவர் அவர்தான். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று நீ போனிலேயே கும்பிட்டாயே அம்மா, அதே அக்கா. அவரைத்தான் இப்போது நாம் எல்லோரும் சேர்ந்து தெருவில் நிறுத்தப் பார்த்தோம்.

மேனேஜர் ஒருநாள் வெள்ளை ஷூ போட்ட ஓர் ஆலோசகரைக் கூட்டி வந்தார். மிஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி நிற்க வைத்தார்கள்.

"இன்டர்நெட்ல படம் நல்லா இருக்கா, ஹோட்டல் நல்லா இருக்கான்னு யார் சொல்றாங்க? ஜனங்க! லாண்டரி மட்டும் ஏன் பழைய மாதிரியே இருக்கணும்? இங்கயும் ஜனங்க கையில கொடுத்துருவோம். இனிமே நானும் முதலாளி இல்ல, உங்க மேனேஜரும் முதலாளி இல்ல. வாடிக்கையாளர்தான் முதலாளி."

"அப்போ லீவு யார்கிட்ட கேக்கணும் சார்?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வெள்ளை ஷூவும் சிரித்தார்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் எங்கள் போட்டோக்களைப் போட்டார்கள். யாரைப் பிடிக்கிறதோ அவர் போட்டோவுக்குக் கீழே ஹார்ட்டை அழுத்த வேண்டும். அழுத்தினால் கவுன்டர் மேலே மாட்டியிருக்கும் திரையில் டிங் என்று மணி அடிக்கும். மாதக் கடைசியில் அதிக ஹார்ட் வாங்கியவருக்குக் கூடுதல் ஷிஃப்ட், கடைசியில் நிற்பவருக்கு அரை ஷிஃப்ட். அரை ஷிஃப்ட் ஆட்களுக்கு, மாடியில் நாங்கள் தங்கியிருக்கும் கம்பெனி ரூமில் இடம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை வெள்ளை ஷூ சொல்லவில்லை. நாங்கள் கலைந்து போகும்போது, இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்வதைப் போல மேனேஜர் சொன்னார்.

நான் அந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்பியது புது யூனிஃபார்மில் என் போட்டோவைப் பார்ப்பதற்காக. அதற்குக் கீழே இருந்த ஹார்ட்டைக் கண்டுபிடித்தது சித்தப்பா. நம்ம பையன் முன்னுக்கு வரட்டும் என்று தெரு முழுக்கப் போன் போனாக வாங்கி அழுத்தினாராமே? பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைக்கூட விடவில்லையாமே? நீ கண் விழித்ததும் பல்கூட விளக்காமல் அதைத்தான் செய்தாயாம்.

ஆசையாகத்தான் செய்தீர்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் அதெல்லாம் இங்கே இருக்கிற வாடிக்கையாளர்கள் போட்டது என்று நினைத்து, நான் இஸ்திரிப் பெட்டியும் கையுமாகக் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாதக் கடைசியில் திரையில் என் தலைமேல் ஒரு கிரீடம் வந்தது. அடியில் கறை அக்கா. கதவுக்குப் பின்னால் நிற்பவரை யாருக்குத் தெரியும்? சட்டை பளிச்சென்று வந்தால் கண்ணாடியில் தெரிகிற முகத்துக்குத்தான் ஹார்ட் போகும். அக்காவை அரை ஷிஃப்ட் ஆக்கினார்கள். அடுத்த மாதம் ரூமைக் காலி செய்ய வேண்டும்.

"கிரீடம், கொஞ்சம் தள்ளி நில்லு. தட்டி விட்டுரப் போறேன்" என்று துணிக்கூடையோடு என்னைக் கடந்து போனார் அக்கா.

அன்றைக்குத்தான் சித்தப்பா போன் செய்தார். "பார்த்தியாடா, உன்னைத் தூக்கி நிறுத்திட்டோம்ல!" நேராக மேனேஜரிடம் போனேன்.

"சார், அதெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க போட்டது."

"சரி. அதனால என்ன?"

"அவங்க ஒரு கைக்குட்டைகூட இங்க துவைக்கப் போட்டதில்ல சார்!"

"ஹார்ட் ஹார்ட்தான்ப்பா. உனக்கு ஆள் இருக்கு, போடுறாங்க. அந்தம்மாவும் அவங்க ஆளுங்ககிட்ட சொல்லட்டும். யார் வேணாம்னா?"

"அப்போ என் போட்டோவை எடுத்துருங்க."

"நல்லா இருக்கே! நம்ம பக்கத்துக்கு இத்தனை பேர் வர்றதே உன்னாலதான். போய் வேலையைப் பாரு."

ஜனங்கள் கையில் கொடுக்கிறோம் என்றார்களே, எந்த ஜனங்கள்? நாள் முழுக்கக் கறை எடுக்கிற மருந்து நெடியில் நிற்கிறவர் ஜனம் இல்லையா? ஒருத்தர் படுக்கிற கட்டிலை எடுப்பதற்கு ஊரில் நாலு பேர் பொழுதுபோக்காக விரலால் தட்டினால் போதுமாம். தட்டினவர்களுக்கு எதைத் தட்டினோம் என்றுகூடத் தெரியாது.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "ஓ, உங்க அம்மாவா? நான்கூட உன் மூஞ்சிக்குத்தான் விழுந்துச்சோன்னு ஆச்சரியப்பட்டேன்" என்றார்.

"எல்லாரையும் உங்களுக்குப் போடச் சொல்றேன்க்கா."

கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "என்னைப் பார்த்தேயிராத ஆளுங்க தயவுல நான் கட்டில்ல படுக்கணுமா? பத்து விரலும் மருந்துல தோல் உரிஞ்சு கிடக்கு. இதைப் பார்த்து ஷிஃப்ட் போடச் சொல்லு. முடியலைன்னா பேசாம போ."

மதியத்துக்கு மேல் கறை மேசை காலியாகக் கிடந்தது. கிரீடக்காரனுக்குத்தான் கூடுதல் ஷிஃப்ட் ஆயிற்றே என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். மை கொட்டிய ஒரு சிவப்புக் கோட்டு வந்தது. எனக்கு அந்த வேலை தெரியாது என்றேன். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துச் செய் என்றார் மேனேஜர். படித்துத்தான் செய்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கோட்டு வெளுத்துப் போனது.

கோட்டுக்காரம்மா நேற்று வந்தார். வரிசையில் ஆட்கள் நிற்க, கோட்டைக் கவுன்டரில் விரித்துப் போட்டார். "மையை எடுங்கன்னு கொடுத்தா கலரையும் சேர்த்து எடுத்து வச்சிருக்கீங்க!"

"மேடம், இவர்தான் எங்க நம்பர் ஒன்..." என்று மேனேஜர் தொடங்கினார்.

டிங்.

எங்களுக்கு மதியம் என்றால் உனக்கு விடிகிற நேரம் அம்மா.

டிங். டிங்.

"என்ன மணி அது?"

"இவருக்கு ஜனங்க ஹார்ட் போடுறாங்க மேடம்."

"என் கோட்டைப் பாழாக்குனதுக்கா? யாருய்யா அந்த ஜனங்க?"

மேனேஜர் கண்ணாலேயே என் வாயைப் பொத்தினார். எனக்கு வேலை போனாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது. "எங்க அம்மா, மேடம். எந்திரிச்சதும் போடுவாங்க" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. "போன தடவை இதே கோட்டுல எண்ணெய் எடுத்தது யாரு?"

"பின்னால ஒரு அக்கா. ஹார்ட் இல்லைன்னு அவங்களை அரை ஷிஃப்ட் ஆக்கிட்டாங்க."

"பின்னால ஒருத்தர் இருக்காங்கன்னே எங்களுக்கு யாரும் சொல்லலையே! அவங்களைக் கூப்பிடுங்க."

மாடி ரூமிலிருந்து அக்கா இறங்கி வந்தார். கோட்டைத் திருப்பிப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "வெளுத்த இடத்துக்குச் சாயம் ஏத்தலாம். ஆனா என் ஷிஃப்ட் மதியமே முடிஞ்சுபோச்சே சார். முழு ஷிஃப்ட் போட்டா கை வைக்கிறேன்."

அந்தம்மா அசையாமல் நின்றார். மேனேஜர் வழிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். இந்த மாதம் முழு ஷிஃப்ட், ரூமும் உண்டு. "மாசக் கடைசியில திரை என்ன சொல்லுதோ, அதுப்படி." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதனால் இனி யாரும் எனக்கு ஹார்ட் போடாதீர்கள். அக்காவுக்கும் போடாதீர்கள், தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார். சித்தப்பா, எந்தெந்த வீட்டில் போன் வாங்கினீர்களோ அந்தந்த வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கிரீடம் போகும். நானே அடியில் நின்றாலும் நிற்பேன், அப்போது எனக்கும் ரூம் கிடையாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளை இஸ்திரி ஆட்கள், மிஷின் ஆட்கள் எல்லோருமாகப் போய் அந்தத் திரையை இறக்கச் சொல்லப் போகிறோம். முதலில் பேசப் போகிறவன் நான். நான் வாயைத் திறக்கும்போது தலைக்கு மேலே டிங் என்று அடித்தால் என் பேச்சை யார் மதிப்பார்கள்?

நாங்கள் போவது மதியத்தில். அம்மா, எழுந்ததும் பல்லை விளக்கு. போனைத் தொடாதே.