மூன்றாவது சத்தம்

என் மூளை மரத்துப்போய்விட்டது என்று என் பெண்சாதி பத்மா சொன்னபோது நான் மறுக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷமாக மெஷினில் இரும்புத் தகடு அடிக்கிறவனுக்கு மூளை பின்னே எப்படி இருக்கும்?

"உன்கூட பேசறதுக்கு செவுத்தாண்ட பேசலாம்யா" என்று சொல்லிவிட்டு, சென்னீர்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். எட்டு மாதமாயிற்று. அயனம்பாக்கத்து ஒற்றை அறையில் நான் மட்டும். சோறு வடித்தால் மறுநாளும் அதே சோறு.

கடிதம் எழுதிக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தால், 'அன்புள்ள பத்மா'வைத் தாண்டி ஒரு வரி வராது.

அப்போதுதான், தொண்ணூற்றிரண்டில், ஆவடி மார்க்கெட்டில் கஜபதி என்பவனின் கேசட் கடையில் ஒரு கேசட்டைப் பார்த்தேன். 'முப்பது நாளில் சிந்தனை கூர்மையாகும், கற்பனை ஊறும்' என்று போட்டிருந்தது. உள்ளே ஒரு சீட்டு. ஹெட்போனில் வலது காதுக்கு ஒரு ஒலி, இடது காதுக்குச் சற்றே வேறு ஒலி. இரண்டும் சேர்ந்து தலைக்குள் மூன்றாவதாக ஒரு துடிப்பு கேட்கும். மூளையை எழுப்புவது அதுதான்.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் வாக்மேனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே 'ஊ...' சத்தம். துடிப்பாவது மண்ணாவது! முப்பது நாள் கழித்தும் பேனா அதே இடத்தில் நின்றது. கஜபதி கடைக்குப் போய்க் கத்தினேன்.

அவன் ஹெட்போனை மாட்டிக் கேட்டான். "இன்னா அண்ணாத்தே, நல்லாத்தான கீது? வொய்ங் வொய்ங்னு அடிக்குதே."

என் தலையில் மாட்டினான். வலது காதிலிருந்து மட்டும் மெல்ல விலக்கினான். "இப்போ கேக்குதா?"

"ஆஃப் பண்ணிட்டியா?"

"ஓடிக்கினு கீதுபா." ஹெட்போனைக் கழற்றினான். "கேசட்டு நல்லா கீது. உன் எடது காதுதான் அவுட்டு."

பிரஸ் ஷாப்பில் மெஷின் இரைச்சலில் எல்லோரும் முகத்துக்கு நேராகக் கத்தித்தான் பேசுவோம். யாருக்கு எந்தக் காது போயிற்று என்று யார் கண்டார்கள்?

பத்மா எப்போதும் என் இடப்பக்கம்தான். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அங்கேதான். நான் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டுதான் படுப்பேன். பேசிப் பார்த்துவிட்டு, கோபம் வந்தால் எதிரே வந்து நின்று கத்துவாள். இத்தனை வருஷமும் அவள் திட்டியது மட்டுமே என் காதில் விழுந்திருக்கிறது. பாவி நான், இவளுக்குத் திட்டத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே பஸ் ஏறி சென்னீர்குப்பம் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். மூளை இல்லை பத்மா, காதுதான், வா போகலாம் என்றேன்.

அவள் ஈரப் புடவையைப் பிடித்தபடி நின்றாள்.

"நம்ம கொயந்த வவுத்துலயே பூட்ச்சே, அன்னிக்கு நீ திரும்பிப் படுத்துகினு இருந்த. உன் பக்கத்துல படுத்துகினு விடியற வரைக்கும் பேசினேன்யா. அதுவும் கேக்கலியா?"

"கேக்கல."

அவள் முகம் உடைந்தது. நான் வலது காதைத் திருப்பிக்கொண்டு கிட்டே போனேன். "இப்ப சொல்லு பத்மா. கேக்கறேன்."

"அதெல்லாம் ஒரு வாட்டிதான்யா சொல்ல முடியும்" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் நான் மட்டும் திரும்பினேன்.